யாரும் எழுந்திருக்கக் கூடாது

எனக்கு நேர்ந்த அநீதிகளை வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் கேள்வி கேட்காதீர்கள். வரிசை மாறினால் வரலாறு மாறிவிடும்.

முதல் அநீதி பள்ளிக்கூடத்தில். காப்பியச் செய்யுள் ஒன்றை ஒப்பிக்கச் சொன்னார் வாத்தியார். "ராஜா இல்லாத செய்யுள் இருந்தால் கொடுங்கள், ஒப்பிக்கிறேன்" என்றேன். பெஞ்சின் மேல் ஏற்றி நிற்கவைத்தார். அன்று ஏறியவன்தான், இன்னும் இறங்கவில்லை.

இரண்டாவது, கொடி. இந்த ஊரில் மூட்டை தூக்குபவர்களுக்குச் சங்கம் கண்டவன் நான். கொட்டும் மழையில் கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டியவன் நான். ஏற்றியது யார்? மாவட்டத்திலிருந்து காரில் வந்த ஒருவர். என்னைக் கயிறு சிக்காமல் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

மூன்றாவது, சிறை. வேலூரில் களி தின்றுவிட்டு வந்தேன். மாநாட்டு மலரில் சிறை சென்றவர்கள் பெயரெல்லாம் போட்டு, கடைசியில் "மற்றும் பலர்" என்று முடித்திருந்தார்கள். அந்தப் பலர் நான்தான்.

நான்காவது, நாற்காலி. சங்கத்தின் வெள்ளிவிழா மேடையில் மற்றவர்களுக்குக் கை வைத்த நாற்காலி. எனக்குக் கை இல்லாதது. சிரிக்காதீர்கள் ஐயா. ஒரு தடவை மேடையில் அப்படி உட்கார்ந்து பாருங்கள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடிபட்ட திருடனைப் போலத் தெரிவீர்கள்.

ஐந்தாவதைச் சொல்லத்தான் உங்களை உட்காரவைத்தேன். எத்திராஜ், ஐயாவுக்கு ஒரு டீ போடு. ஆரணிப் பேருந்து இப்போதைக்கு வராது.

என் பெயர் தணிகாசலம். போர்முரசு தணிகாசலம். முரசு என்று கேட்டால் செய்யாற்றுக்கு இந்தப் பக்கம் குழந்தைகூட வழிகாட்டும். பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று சிலர் கேட்பதுண்டு. முதல் சுவரொட்டியில் நானே போட்டேன். மறுத்து ஒருவனும் வரவில்லை. மறுக்காதது கொடுத்ததற்குச் சமம்.

எதிரில் தெரிகிறதே, அதுதான் பெரிய மில். கேட்டில் ஒருவன் ஏறி ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிறான் பாருங்கள். இன்னும் சற்று நேரத்தில் தொழிலாளர் துறை அதிகாரி வந்து, கேட்டில் நின்று, ஒப்பந்தத்தை எல்லாருக்கும் கேட்கும்படி வாசிப்பார். இந்த ஊர் வழக்கம் அது. நாலு பேர் காதில் விழாத ஒப்பந்தம் ஒப்பந்தமே இல்லை. கேட்டுக்கு முன்னால் நிற்கிற அத்தனை பேரும் சாட்சி. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனும் நான்தான். கடைசியில், தொழிலாளர் தரப்பில் கையெழுத்திட்டவர் பெயரை வாசிப்பார்கள். அதை ஒரு வெளியூர்க்காரர் கேட்க வேண்டும். உள்ளூர்க்காரன் நாளைக்கே மாற்றிச் சொல்வான்.

கையெழுத்துப் போட்டாகிவிட்டதா என்று கேட்கிறீர்களா? இன்னும் இல்லை. வாசிப்பதற்கு முன் கூப்பிடுவார்கள், போய்ப் போடுவேன். சட்டைப் பையில் பேனா இருக்கிறது பாருங்கள். எத்திராஜ், அங்கே என்ன இருமல்?

நான் எட்டாவதோடு நின்றவன் ஐயா. மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கைதான். ஒரு பக்கத்தில் சொல்ல முடியாததை ஆயிரம் பக்கத்தில் சொல்கிறவன் ஏமாற்றுக்காரன். காப்பியம் எழுதியவர்கள் எல்லாம் அந்த வகை. நான் அவற்றை முழுவதும் படித்ததில்லை. எதிர்ப்பதற்கு முழுவதும் படிக்க வேண்டிய அவசியம் இல்லை. கூத்தில் பார்த்தது போதும். அந்த ராஜாக்களின் பெயரைக்கூட வாயால் சொல்ல மாட்டேன். எதிரியின் பெயரைச் சொல்வது அவனுக்கு நாமே ஒட்டும் சுவரொட்டி. நான் படித்த முதல் துண்டறிக்கையில் இருந்த வரி இது. இன்றுவரை கடைப்பிடிக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். இது புழுங்கல் மில். அவித்த நெல்லைக் களத்தில் கொட்டுவார்கள். பெண்கள் வெயிலில் நடந்து நடந்து காலால் கிளறிக் காயவைப்பார்கள். போன மாசியில் முதலாளி டிரையர் வாங்கினான். இயந்திரமே நெல்லைக் காயவைத்துவிடும். களத்துப் பெண்கள் திருவிழாவோடு நின்றுகொள்ளலாம் என்று கேட்டில் எழுதி ஒட்டினான்.

பெண்கள் என்னிடம் வந்தார்கள். முன்னால் நின்றவள் ஒரு களத்துக்காரி. அவள் பெயரையும் நான் சொல்ல மாட்டேன், காரணம் உங்களுக்கே புரியும். "தலைவரே, உள்ள எதுனா வேற வேல குடுத்தா போதும். கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

கேட்டுச் சொல்வதா? நான் என்ன தபால்காரனா? "வேறு வேலை கேட்பது பிச்சை. டிரையரையே வெளியே தூக்கிப் போடவைக்கிறேன், பார்" என்றேன். மூட்டை தூக்குகிறவர்கள் அத்தனை பேரையும் இறக்கினேன். மில் நின்றது. அதை யாரும் மறுக்க முடியாது. எத்திராஜ், மில் நின்றதா இல்லையா?

"நின்னுது தலைவரே. எங்கூட்டு அடுப்பும் நின்னுது."

பார்த்தீர்களா, அவனே சொல்கிறான். அவன் அம்மா பொன்னியம்மாளும் களத்தில் இருந்தவள்தான்.

தினமும் சாயங்காலம் கேட்டில் கூட்டம். முதலாளியின் திமிரை எப்படி விளக்குவது? இந்த ஜனங்களுக்குப் பொருளாதாரம் சொன்னால் கொட்டாவி விடுவார்கள். அதனால் கூத்து ராஜாக்களை எடுத்து ஒவ்வொருவனாக உரித்தேன். கெட்டவனை மட்டும் இல்லை, நல்லவன் என்று பெயர் வாங்கியவனையும் விடவில்லை. கவசத்தோடு பிறந்தவன் ஒருவன் இருக்கிறானே, கேட்டதும் கவசத்தை அறுத்துக் கொடுத்தவன். வள்ளல் என்கிறார்கள். யார் வள்ளல்? இல்லை என்று சொன்னால் பெயர் போய்விடுமே என்று பயந்தவன். உயிரைவிடப் பெயர் பெரிதாகப் போனவனுக்கு மருந்தே கிடையாது என்றேன். அறம் அறம் என்று வாய் ஓயாத அண்ணன்காரன் ஒருவன். சூதாட உட்கார்ந்தான். தோற்க மாட்டோம் என்ற இறுமாப்பு. கட்டிய மனைவியைக் கொண்டுபோய்ப் பணயம் வைத்தான். "அவளை ஒரு வார்த்தை கேட்டானா? அவள் கழுத்தை வைத்து ஆட இவனுக்கு யார் உரிமை கொடுத்தது?" என்று கேட்டேன். அப்படி ஒரு கைதட்டல்! முதலில் தட்டியவள் அந்தக் களத்துக்காரிதான். அன்று அவளுக்கு என் பேச்சு புரிந்தது. பிறகு ஏன் புரியாமல் போனது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இதற்குள் நாள் ஓடியது. பெண்கள் கடலை பிடுங்க வெளியூர் போய்வந்தார்கள். அப்போதுதான் மேனேஜர் பேச வருவதாகத் தகவல்.

சங்கக் கொட்டகையில் எல்லாரையும் உட்காரவைத்தேன். "அவன் வரும்போது யாரும் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தவன் சங்கத்தில் இல்லை" என்றேன். முந்தின நாள் கூட்டத்தில் அந்தத் தூதுக் கதையைத்தான் சொல்லியிருந்தேன். தூதுவன் வரும்போது சபையில் ஒருவனும் எழக் கூடாது என்று ஆணை போட்டானாம் ராஜா. தூதுவன் உள்ளே கால் வைத்ததும், முதல் ஆளாகத் தானே தடுமாறி அவன் காலில் விழுந்தானாம். ஜனம் விழுந்து விழுந்து சிரித்தது.

மேனேஜர் வந்தான். வயதானவன், மூச்சு வாங்கியது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். நான் எழுந்துவிட்டேன். மரியாதைக்கு அல்ல. கால் மரத்துப்போயிருந்தது, உதறுவதற்கு எழுந்தேன். எதிரில் ஒருவன் கும்பிட்டால் கை தானாக மேலே போகும், அது பழக்கம். பின்வரிசையில் எட்டியப்பன் குபீரென்று சிரித்தான். எட்டியப்பன் எங்கள் சங்கத்து ஆள். பகலில் மூட்டை, திருவிழாக் காலத்தில் கூத்து. தொடை உடைந்து சாகிற ராஜா வேஷம் பரம்பரையாக அவனுக்குத்தான். "நான் ஆட்டத்துல உழறதும் இதே எடந்தான் தலைவரே" என்றான். கொட்டகையே சிரித்தது.

இரண்டும் ஒன்றா? நீங்களே சொல்லுங்கள். அவன் திமிரால் உட்கார்ந்தான், நான் கொள்கையால் உட்கார்ந்தேன். அவன் விழுந்தான், நான் எழுந்தேன். நேர் எதிர்.

அதுகூடப் போகட்டும். மேனேஜர் என்னிடம் பேசியிருக்க வேண்டும் இல்லையா? பெண்கள் பக்கம் திரும்பிக்கொண்டான். "டிரையர் இருக்கட்டும்மா. ஒங்க எல்லாருக்கும் பேக்கிங்ல எடம் போட்டுக் குடுக்கறோம். அதே கூலி. நெழல்ல வேல. முதலாளிகிட்ட பேசி ஒத்துக்க வச்சிட்டேன்" என்றான்.

"எல்லாருக்குமா?" என்று அந்தக் களத்துக்காரி கேட்டாள்.

"எல்லாருக்கும்."

"பொன்னியம்மாளுக்கும்? அதுக்கு முட்டி வலி, ரொம்ப நேரம் நிக்காது."

"ஒக்காந்து தைக்கிற வேல இருக்குதும்மா. சாக்கு வாய் தைக்கலாம்."

என் கொட்டகை. என் சங்கம். என் நாற்காலிக்கு முன்னால் நின்றுகொண்டு, நான் ஒருவன் இருப்பதே தெரியாததைப் போல இவர்கள் இருவரும் குசலம் விசாரித்துக்கொள்கிறார்கள். நிழலாம்! நிழலைக் காட்டி ஒரு வர்க்கத்தையே வாங்கப் பார்க்கிறான். மேசையைத் தட்டினேன். "மில் மதிலுக்குள் அந்த டிரையருக்கு ஊசிமுனை இடம்கூடத் தர மாட்டேன். போய்ச் சொல்" என்றேன். எவ்வளவு நல்ல வாக்கியம்! எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியவில்லை. எட்டியப்பன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். பயந்துவிட்டான் போல.

மேனேஜர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவள் போகவில்லை.

"எங்கள ஒரு வார்த்த கேட்டீங்களா தலைவரே?"

"தலைவன் கேட்கிறவன் அல்ல. கேட்கவைக்கிறவன்."

"இதுல தோத்தா?"

"நான் தோற்க மாட்டேன்."

"நீங்க தோக்க மாட்டீங்க, தெரியும். நாங்க?"

வர்க்க உணர்வு இல்லாத கேள்வி. "உட்கார்" என்றேன். அவள் உட்காரவில்லை. மற்ற பெண்களும் எழுந்து அவள் பின்னாலேயே வெளியே போனார்கள். யாரும் எழுந்திருக்கக் கூடாது என்று அன்று காலையில்தான் சொல்லியிருந்தேன். சங்கக் கட்டுப்பாடு அந்த அழகில் இருந்தது.

அடுத்து திருவிழா வந்தது. நீங்கள் படுகளம் பார்த்திருக்கிறீர்களா? மில்லுக்குப் பக்கத்து மைதானத்தில்தான் நடக்கும். தொடை உடைந்த அந்த ராஜாவை மண்ணால் மல்லாக்கப் படுத்த மாதிரி செய்வார்கள். ஒரு லாரி நீளம் இருப்பான். மார்பு மேடாக, மீசை முறுக்கிக்கொண்டு, செத்தும் அடங்காமல் வானத்தைப் பார்த்துக் கிடப்பான். வேஷக்காரன் அந்த மண் உடம்பின் மேல் ஏறி ஓடுவான். தொடையில் கதாயுதம் இறங்கும். பிறகு ஜனங்கள் அந்த மண்ணைப் பிய்த்து வீட்டுக்குக் கொண்டுபோய் நெல் வைக்கிற இடத்தில் போடுவார்கள். விருத்தியாம்! உயிரோடு இருந்தவரை ஊசிமுனை கொடுக்காதவன், செத்த பிறகு வீட்டுக்கு வீடு கொடுக்கிறானாம். மூடநம்பிக்கைக்கு அளவு வேண்டாமா?

எட்டியப்பன் முந்தின நாள் வந்து நின்றான். "தலைவரே, நாளைக்கி மறியலுக்கு வர முடியாது. ஆட்டம் இருக்குது."

"திமிர் பிடித்த ஒரு ராஜாவுக்காகவா போராட்டத்தை விடுகிறாய்?" என்றேன்.

"கிரீடம் வச்சா நானும் திமிராத்தான் ஆடுவேன். ஒலகத்துல எனக்கு மேல எவன்டான்னு கேப்பேன். கேக்கலன்னா ஆட்டம் நிக்காது" என்றான். "ஆனா விடிஞ்சதும் அவுத்து வச்சிடணும் தலைவரே. மரக் கிரீடம், செம கனம். அவுக்காம உட்டா கழுத்து போயிடும்."

நான் கொள்கையைப் பற்றிப் பேசுகிறேன். அவன் கழுத்து வலியைப் பற்றிப் பேசுகிறான். இவர்களை வைத்துக்கொண்டுதான் நான் இத்தனை காலம் போராடியிருக்கிறேன்.

அடங்கிவிடுவேனா? படுகளம் நடக்கிற அதே நேரத்தில் கேட்டில் கூட்டம் போட்டேன். தலைப்பு, "காப்பியங்களின் ஆணவம்". ஊர் முழுக்க அந்த மைதானத்தில் இருந்தது. எனக்கு எதிரில் எத்திராஜும் மைக் செட்டுக்காரனும்.

"மைக் செட்டுக்காரன் தூங்கிட்டான் தலைவரே."

தூங்கினாலும் காது திறந்திருக்கும். என் வாழ்நாளிலேயே சிறந்த பேச்சு அது. பத்துத் தலை ராஜாவை அன்று எடுத்துக்கொண்டேன். தேவர்களால் சாவு கூடாது, அசுரர்களால் கூடாது என்று வரிசையாக வரம் கேட்டவன், மனிதனை மட்டும் சேர்க்கவில்லை. ஏன்? மறதியா? இல்லை. மனிதன் ஒரு பொருட்டா என்ற அலட்சியம். யாரைப் பொருட்டாக நினைக்கவில்லையோ அவன்தான் வந்து கதையை முடித்தான். பத்துத் தலை இருந்து என்ன, இதைச் சொல்ல ஒரு தலைக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் இருந்து சொன்ன தம்பியையும் விரட்டிவிட்டான். இதைச் சொல்லும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. மைதானத்துப் பக்கமிருந்து பெரிய ஆரவாரம் கேட்டது. ஒரு கணம் எனக்குத்தானோ என்று நினைத்தேன். தொடையை உடைத்திருக்கிறார்கள்.

அங்கேதான் ஐயா ஐந்தாவது அநீதி நடந்தது. ஊரே ஒரே இடத்தில் இருந்ததா, களத்துப் பெண்கள் எல்லாரும் அந்த மண் ராஜாவின் காலடியில் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். மூட்டை தூக்குகிறவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அங்கேயே எல்லாரும் கையைத் தூக்கி அந்தக் களத்துக்காரியைத் தங்கள் பக்கத்துக்குப் பேச நிறுத்தினார்களாம். மறுநாள் காலையில் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனார்கள். எட்டியப்பன்கூடப் போனான், முகத்து அரிதாரத்தைச் சரியாகக் கழுவாமல். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் சங்கம், என் போராட்டம். என்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? மனிதனை மனிதன் இப்படியா நடத்துவது?

எனக்குக் கவலை இல்லை. யார் வேண்டுமானாலும் பேசட்டும். கையெழுத்து என்று வரும்போது தலைவன் வேண்டும். இந்த ஊரில் எந்த ஒப்பந்தத்தையும் என் பெயர் இல்லாமல் வாசித்ததில்லை. அதனால்தான் இன்று சட்டையை இஸ்திரிப் பெட்டி போட்டு உடுத்தி, காலையிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறேன். நேரே கேட்டுக்குப் போய் நிற்க எனக்குத் தெரியாதா? போய் நின்றால் அழைக்காமல் வந்தான் என்று ஆகிவிடும். அவர்கள் வந்து கூப்பிடட்டும். சாலையைக் கடந்தால் நான்கு எட்டு.

பேருந்து வந்துவிட்டதா? போகட்டும் ஐயா. அடுத்த பேருந்தில் போகலாம். வரலாற்றுக்குச் சாட்சியாக இருக்க எத்தனை பேருக்குக் கொடுத்துவைக்கும்?

அதிகாரி வந்துவிட்டார் பாருங்கள், கண்ணாடி போட்டவர். பெண்கள் எல்லாரும் நிற்கிறார்கள். எட்டியப்பன் எதற்கு இந்தப் பக்கம் பார்க்கிறான்? என்னைக் கூப்பிட வருகிறானோ? இல்லை, திரும்பிக்கொண்டான். மைக்கைத் தட்டுகிறார்கள். பேசாதீர்கள்.

கேட்கிறதா? "களத் தொழிலாளர்களுக்குப் பேக்கிங் பிரிவில் வேலை வழங்கப்படும்." பார்த்தீர்களா? அன்று நான் உறுதியாக நின்றதன் பலன். "தற்போதைய கூலியே தொடரும்." அதுவும் நான் வாங்கிக்கொடுத்ததுதான். "அறுபது வயது கடந்தோர் நீங்கலாக."

என்ன எத்திராஜ்?

"எங்கம்மா தலைவரே. அன்னிக்கி எல்லாருக்கும்னு சொன்னாங்க."

சரி, அதற்கென்ன இப்போது? வயதானவள், ஓய்வெடுக்கட்டும். ஒரு போராட்டம் என்றால் இழப்பு இருக்கும். ஏன் கிளாஸைப் போட்டு இப்படித் தேய்க்கிறாய்? உடைந்துவிடும். வாசிக்கிறார்கள், சும்மா இரு.

"டிரையர் தொடர்ந்து இயங்கும்." இயங்கட்டும். சின்ன விஷயம்.

நிர்வாகத் தரப்பில் முதலாளி பெயரை வாசிக்கிறார்கள். ஒருவனும் கைதட்டவில்லை பாருங்கள். அடுத்தது நாம்தான். வாசித்த பிறகு கையெழுத்தை வாங்கிக்கொள்வார்கள் போலிருக்கிறது. அவசரத்தில் முறை மாறிவிட்டது, பரவாயில்லை. பேனாவைத் திறந்துவைத்துக்கொள்கிறேன்.

எழுந்திருங்கள் ஐயா. பெயர் வாசிக்கும்போது உட்கார்ந்திருப்பது முறையல்ல. எத்திராஜ், கிளாஸைக் கீழே வை, நீயும் நிமிர்ந்து நில். நான் எழுந்துவிட்டேன் பாருங்கள். இப்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

"இங்கே கூடியுள்ள அனைவரும் சாட்சியாக, தொழிலாளர் தரப்பில் கையொப்பமிட்டவர், களத் தொழிலாளி ரா. பூங்காவனம்."